பூப்போட்டுக் கேட்ட ஆட்டக்காரன்

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸ் என்கிற இந்தப் பேட்டையில் இத்தனை ஆஸ்பத்திரிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே அது எப்படித் தப்பிப் பிழைத்தது என்று தெரியவில்லை. காலையில் அந்தக் கடைக்காரன் டியூபைச் சுரண்டிச் சொல்யூஷன் தடவினான் என்றால் அந்த வாசனை தெருவைத் தாண்டி நேரே என் நாற்காலிக்கு வந்துவிடும். பெட்ரோல் மாதிரியும் இருக்கும், அழுகின பழம் மாதிரியும் இருக்கும். மருமகள் வந்து ஜன்னலைச் சாத்துவாள். அவள் சமையலறைக்குப் போனதும் நான் மெதுவாக எழுந்து திறந்து வைத்துக்கொள்வேன்.

மற்றவர்களுக்கு அது சைக்கிள் வாசனை. எனக்குப் பந்து வாசனை. அந்தக் காலத்துக் கால்பந்துக்குள்ளே ரப்பர் பிளாடர் ஒன்று இருக்கும். தோல் உறையின் வாயை ஷூவுக்குக் கட்டுகிற மாதிரி நாடா கோத்துக் கட்டியிருப்போம். எங்கள் மைதானத்தில் கருவேல முள் ஏராளம். அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் பிளாடரை வெளியே எடுத்து ஒட்டுப் போட வேண்டும். அந்த வேலை என்னுடையது. "கிளார்க்கு பஞ்சர் ஒட்டறதுக்காகத்தான் டீமுல இருக்காரு, பந்து ஒதைக்கறதுக்கு இல்லீங்க" என்று காபிக்கடைக் கண்ணுசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவன் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

நேற்று நான் முதன்முதலில் உத்தியோகம் பார்த்த ஊரின் கால்பந்துக் கழகத்திலிருந்து ஒரு பையன் மொபெட்டில் வந்திருந்தான். விழா மலர் போடுகிறார்களாம். அதில் கழகத்தின் பழைய ஆட்டக்காரர்களிலேயே பெரிய ஆள் யார் என்று ஒரு பக்கம் வருகிறதாம்.

"செங்கோடனா, நாச்சிமுத்துவான்னு ஊருல ஒரே சண்டைங்க தாத்தா. அவங்க ஆட்டத்தைக் கண்ணால பாத்தவங்க நீங்க ஒருத்தருதான் மிச்சம். நீங்க யாரைச் சொல்றீங்களோ அவரு படத்தைப் போட்டுருவோம்."

"யோசிச்சுச் சொல்றேன், நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் ஒருதரம் முடிவு கண்டோம். அந்த முடிவினால் ஒரு மனிதன் பாழாய்ப் போனான். முடிவு காணலாம் என்று கிளப்பிவிட்ட புண்ணியவான் நான்.

முப்பதுகளின் கடைசி அது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பத்திரம் பதிகிற ஆபீசில் எனக்கு முதல் உத்தியோகம். நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். என் பேச்சைக் கேட்டு அந்த ஊரார் சிரிப்பார்கள், அவர்கள் வீட்டை 'ஊடு', 'ஊடு' என்பதைக் கேட்டு நான் சிரிப்பேன். நான்கு மணிக்கு மேல் ஆபீசில் ஈ ஓட்டுகிற வேலைதான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏரிக்குப் போய்விடுவேன்.

ஏரி என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி மழைக்கு நிரம்புகிற ஏரி மாசியில் வற்றிவிடும். வற்றிக் காய்ந்த வயிற்றுப்பாகந்தான் எங்கள் மைதானம். மாட்டுக் குளம்புத் தடம் இறுகிப் போய் அங்கங்கே குழி குழியாக இருக்கும். பந்து எந்தக் குழியில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. ஊர் ஜனம் ஏரிக்கரை மேலே வரிசையாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும். மதகுக்குக் கீழே கரும்புத் தோட்டம். எதிரே கொல்லிமலை. மழைக்காலம் வந்தால் நாங்கள் கோல் போட்ட இடத்தில் கெண்டை மீன் துள்ளும். அதனால் எங்கள் கழகத்தின் வருஷம் மாசியில் பிறந்து புரட்டாசியில் முடியும்.

செங்கோடன் வண்டிக்காரன். கடலைக்காய் மூட்டை ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோவான். வண்டியில் உட்கார்ந்து ஓட்டி நான் பார்த்ததே இல்லை. மாடுகளைத் தன் போக்கில் நடக்க விட்டுவிட்டு, பக்கத்தில் எதையாவது உதைத்துக்கொண்டே வருவான். கொட்டாங்குச்சி, காய்ந்த வறட்டி, மாங்கொட்டை, எது கிடைத்தாலும் சரி. கால் முன்னால் ஒன்று கிடக்க, அதை உதைக்காமல் தாண்டிப் போக அவனால் முடியாது. வெறுங்கால்தான். இடது காலால் அவன் ஒரு அடி அடித்தால் கோல்காரன் பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் கரையில் இருக்கிறவர்கள் கத்திவிடுவார்கள்.

நாச்சிமுத்து ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவன். பின்னால் நின்று கோலைக் காக்கிற ஆட்டம் அவனுடையது. ஏற்காட்டு எஸ்டேட் துரைமார் பூட்ஸ் போட்டுக்கொண்டு தடதடவென்று வருவார்கள். நாங்கள் எல்லோரும் காலைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்குவோம். இவன் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏதோ வாடிக்கையாளர் கையிலிருந்து துணியை வாங்கி மடித்து வைக்கிற மாதிரி பந்தைக் காலில் வாங்கிக்கொள்வான். துரைக்கு நாலு அடி தாண்டித்தான் பந்து போனது தெரியும்.

இருவரும் சின்ன வயசிலிருந்தே கூட்டாளிகள். ஆட்டத்துக்கு ஒரே சைக்கிளில்தான் வருவார்கள். சைக்கிள் நாச்சிமுத்துவுடையது. மிதிக்கிறது செங்கோடன். பின்னால் கேரியரில் நாச்சிமுத்து பந்தை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பான்.

இவர்களில் யார் பெரிய ஆள் என்பதுதான் ஊரின் பேச்சு. ஆட்டம் முடிந்ததும் கண்ணுசாமி கடையில் கூடுவோம். கடையில் இரண்டு பெஞ்சு. செங்கோடன் கட்சி இந்தப் பெஞ்சில், நாச்சிமுத்து கட்சி அந்தப் பெஞ்சில். கட்சி மாறி உட்கார்ந்தவனுக்குக் காபி ஆறின பிறகுதான் வரும். செங்கோடன் கட்சிக்கு நான் வக்கீல். எதிர்க்கட்சிக்குக் கண்ணுசாமியே வக்கீல், அவனே ஜட்ஜு, அவனே காபியும் ஆற்றுவான்.

"கோல் போடாமல் எப்படி ஐயா ஜெயிக்கிறது?" என்பேன் நான்.

"கோலு போடறான், செரி. பந்து அவங்கிட்ட எப்புடிங்க போச்சு? மானத்துல இருந்து உழுந்துச்சா? நாச்சிமுத்து குடுக்காம போச்சா? சொல்லுங்க கிளார்க்கு, சொல்லுங்க!"

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆட்டத்தைவிட இந்தப் பேச்சில்தான் ருசி அதிகம். காலில் இல்லாதது வாயில் இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு மறுநாளைக்கு என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்ப்பேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் வாசலில் சைக்கிள் மேல் சாய்ந்து நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நான் செங்கோடனையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவன் பொறத்தால நிக்கறான்னு தெரிஞ்சா நான் திரும்பியே பாக்கறதில்லீங்க. திரும்பிப் பாக்காமப் போறவனுக்குக் கோலு போடறது என்னுங்க பெருசு?" என்றான்.

அந்தப் பதிலோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

ஒருநாள் பேச்சு முற்றிக் கைகலப்பில் போய் நின்றது. யாரோ யார் மேலோ சூடான காபியைக் கொட்டிவிட்டார்கள். கண்ணுசாமி கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். சும்மா சிரிப்பு மூட்டிச் சண்டையை விலக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"எதுக்கய்யா அடிச்சுக்கிறீங்க? பேசாம ஆத்தாகிட்டப் பூப்போட்டுக் கேட்டுடலாமே!"

அந்தப் பக்கத்தில் பூப்போட்டுக் கேட்பது என்றால் விளையாட்டு இல்லை. பெண் எடுப்பதற்கு முன்னால் கேட்பார்கள், கிணறு வெட்டுவதற்கு முன்னால் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். எது எதற்கு என்று மனசில் வைத்துக்கொண்டு சாமி முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவுக்கு மேல் பேச்சு கிடையாது. எங்கள் பக்கத்திலும் உண்டுதான். ஆனால் புதுசாகக் கோட்டு மாட்டின எனக்கு அதெல்லாம் கேலியாகப் போய்விட்டிருந்தது. நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. "அதுதாஞ் செரி" என்று கண்ணுசாமி கரண்டியைக் கீழே வைத்தான்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கூட்டம். பூசாரிக்கே தயக்கம்.

"ஏஞ்சாமி, கல்யாணங் காச்சிக்குக் கேட்டிருக்கறேன், ஆவாத காரியம் எத்தனைக்கோ கேட்டிருக்கறேன். பந்து ஒதைக்கறதுக்கு ஆத்தாளைக் கேக்கறதுங்களா?"

செங்கோடன் வாசலிலேயே நின்றுவிட்டான். "வேண்டாமுங்க கிளார்க்கு. ஆத்தா வாயில நம்ம பேரு எதுக்குங்க?" என்றான். நான் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். பிடித்து இழுத்தது இந்தக் கைதான். சும்மா விளையாட்டுக்கு என்றுகூட அவனிடம் சொன்னேன். ஒரு பக்கம் விளையாட்டு, இன்னொரு பக்கம் எங்கே என் கட்சி தோற்றுவிடுமோ என்று பயம். என் யோக்கியதை அவ்வளவுதான்.

வெள்ளை செங்கோடனுக்கு, சிவப்பு நாச்சிமுத்துவுக்கு. பூசாரியின் பேத்தி, பாவாடை தடுக்கிக்கொண்டு வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

நான் போட்ட கூச்சலில் கோயில் மாடப்புறா எல்லாம் பறந்துபோயின. நாச்சிமுத்து ஓடிவந்து செங்கோடனை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டான். அவனைவிடச் சந்தோஷப்பட்டவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. தோள்மேல் இருந்தவன் முகத்தில்தான் ஈயாடவில்லை. இறங்கினதும் என்னைத் தனியாக அழைத்துப்போய் மெதுவாகக் கேட்டான்.

"இனி எப்புடிங்க தப்பா அடிக்கறது?"

நான் சிரித்தேன். முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வா காபி சாப்பிடலாம் என்றேன். அவன் எவ்வளவு பெரிய கேள்வி கேட்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு அவன் நெற்றி நிறையத் திருநீறும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறுமாக வந்தான். கவிச்சியை விட்டுவிட்டான். ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பொழுது. வயிறு காய்ந்தவன் என்னத்தை ஓடுவான்? கோலுக்கு நேரே வந்த ஒரு பந்தை வெளியே அடித்துவிட்டான். எப்போதும் நடக்கிறதுதான், முன்பெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். இப்போது கரையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"ஆத்தா சொன்ன ஆளு அடிக்கற அடியப் பாருங்கடா!"

கரை முழுக்கச் சிரிப்பு. செங்கோடன் அங்கேயே கோயில் இருந்த திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் தப்பாக அடித்தால் தன் தப்பு என்று நினைக்கவில்லை. ஆத்தா சொன்ன சொல்லைத் தன் கால் பொய்யாக்குகிறது என்று நினைத்தான். பந்து காலுக்கு வந்தால் உடனே வேறு யாருக்காவது தள்ளிவிடுவான். எனக்குக்கூடத் தள்ளினான் என்றால் அவன் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மிட்டா ஜமீன்தார் ஒருவர் வெள்ளிக் கோப்பை கொடுத்திருந்தார். கடைசி ஆட்டம் எங்கள் ஏரியில், எஸ்டேட் துரைமாரோடு. ஒரு கோல் பின்னால் இருந்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. கரையில் இருந்த ஜனம் எழுந்து நின்றுவிட்டது. செங்கோடன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நின்ற நாச்சிமுத்துவிடம் நடந்து போனான்.

"நீ அடிச்சுரு."

"ஏண்டா, எப்பவும் நீதான அடிப்பே?"

"என்னால ஆவாதுடா. ஆத்தா பேரு கெட்டுப் போயிரும்."

நாச்சிமுத்து அவன் முகத்தைப் பார்த்தான். பந்தை வாங்கக் கையை நீட்டிவிட்டான். நல்லபடியாக முடிந்திருக்க வேண்டிய இடம் அது. நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"அதெல்லாம் முடியாது. செங்கோடன்தான் அடிக்கணும்" என்றேன்.

ஏன் சொன்னேன்? டீம் ஜெயிக்கவா? நாச்சிமுத்து அந்தக் கோலை அடித்துவிட்டால் கண்ணுசாமி கடையில் நான் எப்படித் தலைகாட்டுவது என்ற நினைப்பு. வேறு ஒன்றுமே இல்லை. கரையிலிருந்தும் என் கட்சிக்காரர்கள் "செங்கோடன்! செங்கோடன்!" என்று பிடித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து நீட்டின கையை மடக்கிக்கொண்டான்.

செங்கோடன் பந்தை வைத்தான். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தான். ஓடிவந்து அடித்தான். பந்து கோலுக்கு மேலே, கரைக்கு மேலே, மதகையும் தாண்டிக் கரும்புத் தோட்டத்தில் போய் விழுந்தது.

அப்போது யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை. "நான் எடுத்தாரேனுங்க" என்று சொல்லிவிட்டுச் செங்கோடன் கரை ஏறிக் கரும்புக்குள் இறங்கினான். துரைமார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். நாங்களும் நின்றோம். அவன் வரவில்லை. இருந்த இன்னொரு பழம்பந்தை வைத்து மிச்ச ஆட்டத்தை முடித்தோம். தோற்றோம். மறுநாள் காலையில் கண்ணுசாமி கடைப் பலகையைத் திறக்கும்போது வாசலில் பந்து இருந்ததாம். செங்கோடன் சேற்றைக் கழுவி, தோலுக்கு விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தானாம்.

நான் இரண்டு மூன்று தடவை வண்டிப்பாதையில் அவனை மறித்து ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். "வாரேனுங்க, வாரேனுங்க" என்றான். முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் அப்போது வண்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தான். அப்படி அவனை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாச்சிமுத்து மேலும் சில வருஷம் ஆடினான். அப்படியொரு ஆட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை. வெறி பிடித்தவன் மாதிரி ஆடினான். கண்ணுசாமி ஒருநாள் ஆசை தாங்காமல், "நான் அப்பவே சொன்னனல்ல, இவந்தான் ஆளுன்னு" என்று ஆரம்பித்தான். நாச்சிமுத்து டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

"ஆத்தா சொன்னது சொன்னதுதான். இனி எவனாச்சும் இதப்பத்தி வாயத் தொறந்தீங்கன்னா நான் பந்தையே தொட மாட்டேன், ஆமா."

அத்தோடு கடையில் பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் ஆட்டத்துக்கு வருகிற கூட்டமும் குறைந்தது. ஜனம் பாதி ஆட்டத்துக்கு வந்தால் பாதி எங்கள் சண்டைக்குத்தான் வந்துகொண்டிருந்தது போலிருக்கிறது. பிறகு யுத்தம் முற்றியது, ரப்பர் விளைகிற மலேயா எதிரி கைக்குப் போனதும் பிளாடர் வருவது நின்றது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். நாச்சிமுத்து சைக்கிளைத் தானே மிதித்துக்கொண்டு தனியாக வருவான். பின்னால் வெறும் கேரியர். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. மாற்றல் கேட்டு எழுதிப்போட்டேன்.

ஓமலூருக்கு மாற்றினார்கள். அங்கே சந்தையில்தான் பல வருஷம் கழித்துச் செங்கோடனைப் பார்த்தேன். மாடு பிடிக்க வந்திருந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. என்னைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கும்பிட்டான். பிள்ளை குட்டி, மழை, மாட்டு விலை என்று பேசிக்கொண்டு நின்றோம். சந்தை ஓரத்தில் பொடிசுகள் கந்தல் துணியைச் சுற்றிப் பந்தாக்கி உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது உருண்டு உருண்டு வந்து நேராக அவன் இடது காலுக்கு முன்னால் நின்றது. "ஒதைங்க மாமா!" என்று பையன்கள் கத்தினார்கள்.

செங்கோடன் குனிந்து பார்த்தான். காலை மெதுவாகத் தூக்கி, பாம்பைத் தாண்டுகிறவன் மாதிரி அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து மாட்டு விலையைப் பேசினான்.

எனக்குத் தாங்கவில்லை. நடுச்சந்தையில் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "செங்கோடா, எல்லாம் என்னாலதானே? நான்தானே பூன்னு சொன்னேன், நான்தானே உன்னை அடிக்கச் சொன்னேன்?" என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அட உடுங்க கிளார்க்கு. நீங்களா சொன்னீங்க? ஆத்தா சொன்னா. என்ற காலுக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லாமப் போச்சு" என்றான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கடைசிவரைக்கும் அவன் தன் காலைத்தான் குற்றம் சொன்னான். இன்றைக்கு அவனும் இல்லை, நாச்சிமுத்துவும் இல்லை.

இன்று சாயங்காலம் அந்தப் பையன் சொன்னபடி வந்துவிட்டான். உட்காரச் சொல்லி, இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வருவார்கள், மிதிக்கிறவன் செங்கோடன், பந்தை மடியில் வைத்திருப்பவன் நாச்சிமுத்து, அதைப் போடு என்றேன். பொறுமையாக எழுதிக்கொண்டான். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"செரிங்க தாத்தா. ரெண்டு பேருல யாருங்க?"

அந்த ஏரியில் இப்போது தண்ணீரும் நிற்பதில்லை, பந்தும் உருளுவதில்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் வந்துவிட்டன. கரையைச் சமன்செய்து ரோடு போட்டாயிற்று. கரும்புத் தோட்டம் போன இடம் தெரியவில்லை. கண்ணுசாமி கடை இருந்த இடத்தில் பேக்கரி. இந்தப் பெஞ்சில் உட்காரவும் ஆள் இல்லை, அந்தப் பெஞ்சில் உட்காரவும் ஆள் இல்லை. இத்தனை போயும் பாருங்கள், பையன் கேட்ட மாத்திரத்தில் என் வாயில் 'செங்கோடன்' என்று வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. நாச்சிமுத்து கட்சியை மடக்க நாலு பாயிண்டும் கூடவே வருகிறது. எதிரே பஞ்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அதையே பார்த்தேன்.

"தெரியலியே தம்பி" என்றேன்.

பொய்தான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பொய்.